அப்பாவின் மருந்துத் துப்பாக்கி என் பேருக்கு வந்த கதை

ஒருவழியாக அப்பாவின் ஒற்றைக்குழல், அதாவது வாய் வழியாகக் கருமருந்தை இடித்துப் போட்டு வெடிக்கிற துப்பாக்கி, என் லைசென்ஸில் ஏறிவிட்டது. என்னுடைய ரைபிளும் இரட்டைக்குழலும் கை மாறிப் போயின. நிம்மதிதான். ஆனாலும் ரெண்டு நல்ல துப்பாக்கியை விட்டுக்கொடுத்துவிட்டு ஒரு பழைய மருந்துத் துப்பாக்கியை வாங்குவதற்கு இத்தனை பாடா என்கிற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடிவாரத்தில் தோட்டம் வைத்துக்கொண்டு, பெரியவர்கள் காலத்துத் துப்பாக்கியைத் துப்பாக்கிக் கடையில் டெபாசிட்டாகப் போட்டு வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

ஏன் மாற்றினேன் என்று ஒரம்பரை சனமெல்லாம் கேட்டாகிவிட்டது. 315 ரைபிள் மூன்றரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். இறுகிப்போன தோள்பட்டையில் அதை முட்டுக்கொடுத்துப் பாருங்கள், தெரியும். ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்று வரிசையில் நிற்கிறது. அதைவிட முக்கியம், அந்தக் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். நான் வாங்கிய காலத்தில் சுற்றிலும் மேட்டாங்காடு. இப்போது பக்கத்துப் பூமியில் சைட் போட்டு வீடு கட்டிக் குடிவந்துவிட்டார்கள். வேட்டை என்பது எங்கள் தலைமுறையோடு முடிந்த சங்கதி. 1972 வனவிலங்குச் சட்டத்தில் மிச்சமிருந்த வேட்டை லைசென்ஸையும் 1991 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். முயலைத் தொட்டால்கூட வழக்குதான். மயிலைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆக, துப்பாக்கி இப்போது சத்தத்துக்கு மட்டும். சத்தத்துக்கு மருந்துத் துப்பாக்கியை அடிக்க எதுவும் கிடையாது. ரவைக் குண்டு இல்லாமல் வெறும் மருந்தும் தேங்காய் நாரும் வைத்து இடித்துப் போட்டாலே சோளக்காட்டுக்குள் இருக்கிற பன்றி பள்ளம் தாண்டி ஓடும். அடுத்த வெடிக்கு மறுபடி மருந்து அளந்து, நார் வைத்து, இடித்து, அடிபட்டால் பொறி தருகிற கேப்பு மாட்டவேண்டும். இளவட்டத்தில் அது பெரிய குறையாகத் தெரிந்தது. இப்போது அந்த இடைவெளி பிடித்திருக்கிறது. அதற்குள் கோபமும் இறங்கிவிடுகிறது.

சரி, கதைக்கு வருவோம்.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருவருக்கு ரெண்டு துப்பாக்கிதான். முன்னே மூன்று வைத்துக்கொள்ளலாம். பரம்பரையாக வருகிறதும் அந்த ரெண்டுக்குள்தான் அடங்கவேண்டும். என்னிடம் ஏற்கனவே ரெண்டு. அப்பாவுடையது மூன்றாவது. ஆகவே ஒன்றைக் கழித்தால்தான் ஒன்றைச் சேர்க்க முடியும். இதைக் கலெக்டர் ஆபீசில் சொன்னதும் லைசென்ஸ் வேலை பார்க்கிற சீட்டில் இருந்த தம்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “ஏனுங்க ஐயா, எல்லாரும் பழசைக் குடுத்துட்டுப் புதுசு கேப்பாங்க. நீங்க உல்டாவா வர்றீங்களே?” என்றார். கேட்டதில் தப்பில்லை. அதற்கப்புறம் சொன்னதுதான் தப்பு: “ரெண்டையும் வித்துட்டு வந்துருங்க, அப்புறம் இதை ஏத்திக்கலாம்.”

அப்படிச் செய்துவிடாதீர்கள். ரெண்டையும் கழித்தால் லைசென்ஸ் காலியாகிவிடும். துப்பாக்கி இல்லாத லைசென்ஸ் எதற்கு என்று அடுத்த புதுப்பித்தலில் கேள்வி வரும். ரத்தாகிவிட்டால் முதலிலிருந்து புது விண்ணப்பம். போலீஸ், வருவாய், வனம் என்று எல்லாப் பக்கமும் அறிக்கை வாங்கவேண்டும். இந்த வயதில் யாரால் ஆகும்? ஓய்வு பெற்ற ஒரு தாசில்தார் எனக்கு வேண்டியவர். அவர்தான் வழி சொன்னார்: முதலில் ரைபிளை மட்டும் கழி, அந்த இடத்தில் அப்பாவுடையதை ஏற்று, அது ஏறிய பிறகு இரட்டைக்குழலை விற்றுக்கொள். அப்படியே செய்தேன்.

ரைபிளை விற்பதிலும் ஒரு முள் இருக்கிறது. ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுப்படி, விற்கப்போகிறேன் என்று மாவட்ட ஆட்சியருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் விற்கலாம். வாங்குகிறவரிடமும் லைசென்ஸ் இருக்கவேண்டும். நான் ஸ்டேஷனில் கடிதம் கொடுத்தேன். “வச்சுட்டுப் போங்க, பாத்துக்கறோம்” என்றார்கள். 45 நாள் கழித்து, வாங்குகிறவர் பொள்ளாச்சிப் பக்கமிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். ஸ்டேஷனில் எழுத்தர் மாறிவிட்டார். அப்படியொரு கடிதமே வரவில்லை என்கிறார். அந்த மனுஷன் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணிக்கை. இரண்டாம் தடவை நேரில் ஒன்று கொடுத்து நகலில் சீல் வாங்கினேன், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் ஒன்று போட்டேன். நீங்கள் முதல் தடவையே அப்படிச் செய்துவிடுங்கள்.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சிரமமில்லாமல் வந்தன. மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்கிற கடிதத்துக்குத்தான் அக்காவைத் தேடிப் போகவேண்டியிருந்தது. “பூமி பாகம் பிரிக்கறப்பக் கூட இத்தனை கையெழுத்துக் கேக்கலையேடா” என்று கேட்டுக்கொண்டே போட்டுக் கொடுத்தாள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதி. லைசென்ஸ்காரருக்கு 70 வயதாகியிருந்தால், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தால், எது முன்னால் வருகிறதோ அதை வைத்து, அவர் விரும்புகிற வாரிசின் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். எங்கள் அப்பாவிடம் சொன்னபோது, “நான் போனப்பறம் எடுத்துக்க, அதுவரைக்கும் தொடாதே” என்று முடித்துவிட்டார். உங்கள் வீட்டுப் பெரியவர் கொஞ்சம் இறங்கி வருகிறவராக இருந்தால் இப்போதே பேசிவிடுங்கள்.

அடுத்தது நம்பர். இதுதான் ஆளைக் கொன்றது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். லைசென்ஸுக்கு ஒரு தனி எண், துப்பாக்கிக்கு ஒரு எண். அப்பாவின் பழைய புத்தகத்தில் ஒற்றைக்குழல், வாய்வழி மருந்து போடுவது என்பதற்கான எஸ்.பி.எம்.எல். என்ற நாலெழுத்து இருந்தது. நம்பர் கட்டத்தில் ஒரு கோடுதான் இழுத்திருந்தது. “கட்டத்தைக் காலியா விட்டா உள்ளேயே போக மாட்டேங்குதுங்க” என்று தம்பி திரையைத் திருப்பிக் காட்டினார். வெளியே மரத்தடியில் மனு எழுதுகிற ஒருவர், ஒத்தாசையாம், காதோடு சொன்னார்: “பட்டறைல குடுத்து நாலு நம்பர் குத்தீட்டு வந்துருங்ணா, யாரு பாக்கப்போறா?”

தயவுசெய்து இந்த யோசனையைக் கேட்டுவிடாதீர்கள். துப்பாக்கியில் இருக்கிற அடையாளத்தை அழிப்பதும், பொய்யாக ஒன்றைக் குத்துவதும் ஆயுதச் சட்டம் 8ஆம் பிரிவில் குற்றம். நேர்மையாக வந்த துப்பாக்கி ஒரே நாளில் கள்ளத் துப்பாக்கியாகிவிடும். நான் தம்பியிடம் திரும்பிப் போய், போலீஸ் ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பராமரிக்கிற ஆர்மரரிடம் காட்டி அறிக்கை வாங்குங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த மனுவுக்குக் கையெழுத்தாகி வர ஒரு பருவமே போய்விட்டது.

அதுவரைக்கும் துப்பாக்கி கடையில்தான் கிடந்தது. அப்பா போனதும் டெபாசிட் செய்தது. மாத வாடகையை ஒழுங்காக வாங்கினார்கள். துடைத்து எண்ணெய் போடுவதாகவும் சொன்னார்கள். கட்டையில் அப்பா சுற்றிய சாக்குக் கயிறு அவிழ்க்காமல் அப்படியே இருந்ததைப் பார்த்தபோதுதான் எவ்வளவு துடைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

ஆர்மரர் ஓய்வுக்கு நெருங்கிய ஆள். மேசை மேல் துப்பாக்கியை வைத்ததும் பக்கத்தில் நின்ற இளம் போலீஸ்காரர் ஆசையாகக் குதிரையை இழுக்கப் போனார். ஆர்மரர் கையைத் தட்டிவிட்டார். “இடிக்கிற கம்பி எங்கீங்க?” என்று என்னைக் கேட்டார். கம்பி 2021 தேர்தலுக்கு ஒப்படைத்தபோதே தொலைந்துபோனது. அதற்கப்புறம் அப்பா மூங்கில் குச்சியை வைத்துத்தான் இடிப்பார். ஆர்மரர் அலமாரியிலிருந்து ஒரு பித்தளைக் கம்பியை எடுத்துக் குழலுக்குள் மெதுவாக இறக்கினார். நின்ற இடத்தில், குழல் வாயில் கட்டைவிரல் நகத்தை வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வெளியே எடுத்து, குழலின் மேலேயே நீளவாக்கில் வைத்துக் காட்டினார். கேப்பு மாட்டுகிற மூக்கு வரைக்கும் வரவேண்டிய கம்பி நாலு விரற்கடை முன்னாடியே நின்றுவிட்டது.

உள்ளே மருந்து இருந்தது. அப்பா கடைசியாக இடித்து வைத்துவிட்டுப் படுக்கையில் விழுந்திருக்கிறார். அதே நிலையில் கடைக்குப் போய், வருஷக்கணக்காக அங்கேயே சுவரில் சாய்ந்திருந்து, என் காரில் ஆர்மரரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கேப்பு இல்லைதான். இருந்தாலும் மூக்கில் ஒரு பொறி பட்டால் போதும். இளம் போலீஸ்காரர் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். ஆர்மரர் அலட்டிக்கொள்ளவில்லை. மூக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகவும் வாய் வழியாகவும் தண்ணீர் விட்டு ஊறவைத்தார். திருகு முனைக் கம்பியை விட்டுத் திருகி இழுத்தார். முதலில் கறுத்த தேங்காய் நார், பின்னாலேயே சேறாகிப்போன மருந்து. வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த அந்த வாசம் எங்கள் கட்டுத்தரை முழுக்க ஒரு காலத்தில் அடித்த வாசம். ரவை ஒன்றுகூட இல்லை. அப்பாவும் சத்தத்துக்குத்தான் போட்டிருக்கிறார்.

கழுவியதில் இன்னொரு லாபம். குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டையைத் தளர்த்தி, மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தபோது, குழலின் அடியில் தேய்ந்துபோன எண்கள் தெரிந்தன. பழைய பதிவில் எவரோ குத்தி, புத்தகத்தில் ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள். ஆர்மரர் அறிக்கையில் அதை எழுதி, படமெடுத்து வைத்துக் கையெழுத்துப் போட்டார். சீட்டுத் தம்பி கட்டத்தில் அதை அடித்ததும் திரை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கேன்டீனில் அவருக்கும் சேர்த்துப் போண்டா வாங்கினேன்.

மருத்துவச் சான்றுக்கு எஸ்-3 படிவம். உடல் நலம், மனநலம், போதைக்கு அடிமையில்லை என்பது வரைக்கும் டாக்டர் எழுதவேண்டும். மனநல மருத்துவர் எந்தக் கிழமை இருப்பார் என்று விசாரித்துவிட்டுப் போனால் ஒரே நடை.

இடையில் வனத்துறை விசாரணைக்கு வந்தவர் நல்ல மனுஷர். துப்பாக்கியை எதற்கு வைத்திருக்கிறேன் என்பதைவிட அவுட்டுக்காய் வைக்கிறார்களா என்றுதான் துருவித் துருவிக் கேட்டார். பன்றிக்கு வைக்கிற அந்த வெடியைக் கடித்து வாய் கிழிந்து செத்த யானைகள் கோயமுத்தூர்ப் பக்கம் கொஞ்சமா? 2025 ஜனவரியில் அரசு கொண்டுவந்த ஏற்பாட்டையும் அவர்தான் விளக்கினார். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறை ஆட்கள் சுடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. நடுவில் வந்தால் பிடித்துக் காட்டில் விடுவார்கள். எங்கள் தோட்டம் அந்த நடுவில் இருக்கிறது. எதிலும் விவசாயி சுடுவதற்கு இடமில்லை. துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகப் பன்றி மேல் சுட்டுவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள், இது வேறு சட்டம், அது வேறு சட்டம். மலைக்கு அந்தப் பக்கம் குடகில் கொடவர்களுக்கும், ஜம்மா என்கிற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸிலிருந்தே விலக்கு உண்டு என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். உண்மைதான், ஆனால் நமக்கு அதில் பிரயோஜனம் இல்லை.

கடைசியில் புத்தகம் கைக்கு வந்தது. வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தால், வெடிபொருள் பத்தியில் தோட்டா என்று எழுதியிருக்கிறது. இரட்டைக்குழலுக்கு இருந்த வரியை அப்படியே இறக்கிவிட்டார்கள். மருந்துத் துப்பாக்கிக்குத் தோட்டா ஏது? மருந்து எடை, கேப்பு எண்ணிக்கை என்று இருக்கவேண்டும். அப்படி இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரரும் ஒரு சிட்டிகை மருந்து தரமாட்டார், தரவும் கூடாது. திருத்தத்துக்கு மறுபடி ஒரு மனு. கவுண்டரிலேயே நின்று அந்தப் பத்தியைப் படித்துப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

வெடி போட்ட அன்றைக்கே குழலைக் கொதிநீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். கருமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும், ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும். காய்ந்த பிறகு எண்ணெய். நான் தேங்காய் எண்ணெய்தான் போடுகிறேன்.

அப்புறம் தேர்தல். அறிவிப்பு வந்ததும் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024இல் மார்ச்சில் கொடுத்தது, வாக்கு எண்ணி முடித்து ஜூனில்தான் திரும்ப வந்தது. கொடுக்கும் முன் கம்பியை விட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிடுங்கள். ரசீதில் துப்பாக்கி ஒன்று என்று மட்டும்தான் எழுதுவார்கள். “கம்பியுடன்” என்று சேர்த்து எழுதச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.