புடாபெஸ்ட் உணவு நடை: எது முதலில், எது கடைசியில்

பாரீசில் சித்தப்பா, அத்தை என்று யாராவது இருக்கிற குடும்பங்கள் புதுச்சேரியில் ஏராளம். அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள், ஷெங்கன் விசாவோ பிரெஞ்சு பாஸ்போர்ட்டோ இருந்தால், ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டுக்கும் இரண்டு நாள் போய் வரலாம். அங்கே வழிகாட்டியோடு நடந்து நடந்து சாப்பிடும் உணவுச் சுற்று ஒன்றைக் கட்டாயம் எடுங்கள். மூன்று, நான்கு மணி நேரத்தில் பல வகை வாயில் படும். வரிசை தப்பினால் மட்டும் பாதிச் சுவை வீண். பணம் ஃபோரின்ட்டில்தான். யூரோ நீட்டினால் சில கடைகளில் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் மாற்று விகிதம் கையைக் கடிக்கும்.

சில சுற்றுகளில் முதலிலேயே பாலிங்கா ஊற்றிக் கொடுப்பார்கள். பிளம், ஆப்ரிகாட் போன்ற பழங்களிலிருந்து காய்ச்சும் சாராயம் இது. சட்டப்படி குறைந்தது 37.5% ஆல்கஹால், கடைகளில் 40-க்கு மேல்தான் அதிகம். வெறும் வயிற்றில் ஒரே மடக்காக ஊற்றினால் நாக்கு மரத்துப்போய், பின்னால் வரும் வெள்ளை ஒயினில் எதுவும் தெரியாது. "கடைசியில் குடிக்கிறேன்" என்று வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். குடிக்கும்போது ஐஸ் வேண்டாம். முகர்ந்து பார்த்து, சொட்டுச் சொட்டாகக் குடித்தால்தான் பழ வாசனை வரும்.

நிறைய சுற்றுகள் ஃபோவாம் சதுக்கத்துப் பெரிய சந்தைக் கட்டடத்துக்குள் போகும். 1897-இல் திறந்தது. சனிக்கிழமை பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள், அதனால் வார நாளில் காலையில் போங்கள். முதலில் நிற்க வேண்டியது பாப்ரிகா கடையில். ஒரு வகைச் சிவப்பு மிளகாயைக் காயவைத்து அரைத்த தூள் இது, நாம் நம் ஊர்க் கார மிளகாய்த்தூள் என்று நினைத்து ஏமாறுகிறோம். செகெட், கலோச்சா என்ற இரண்டு ஊர்ப் பாப்ரிகாவுக்குத்தான் பெயர். "எதேஷ்னெமெஷ்" என்ற வகையில் காரம் கிட்டத்தட்ட இல்லை. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு, அப்புறம் லேசான கசப்பு. "சீப்பேஷ்" என்று எழுதியிருந்தால் காரம். வாங்குவதானால் காற்றுப் புகாத டப்பாவில், அந்த ஆண்டு அறுவடைத் தூளாகப் பார்த்து வாங்குங்கள். நம் கடற்கரை ஈரத்தில் திறந்து வைத்தால் சில மாதத்தில் நிறமும் வாசனையும் போய்விடும். ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

அடுத்தது குயாஷ். கெட்டியான மாட்டுக்கறிக் குழம்பை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம், ஏனென்றால் இது தண்ணீராக, மேலே சிவப்பு எண்ணெய் மிதக்கும் சூப். கெட்டியாக வேண்டுமானால் பெர்கெல்ட் கேளுங்கள். அதிலேயே புளிப்பு கிரீம் சேர்த்தால் பாப்ரிகாஷ், கோழியில் செய்தது மிக நன்றாக இருக்கும். சந்தையின் கீழ்த்தளத்தில் விற்கும் வெள்ளரி, முட்டைக்கோஸ் ஊறுகாயைக் கறிக்கு நடுநடுவே கடியுங்கள். நம் ஊறுகாய் போல எண்ணெய் கிடையாது. உப்புநீரின் புளிப்பு கொழுப்பை வெட்டிவிடும்.

லாங்கோஷ் என்பது ஈஸ்ட் மாவில் பொரித்த பெரிய வட்ட வடிவ ரொட்டி. மேலே பூண்டு தடவி, புளிப்பு கிரீமும் துருவிய சீஸும் போடுவார்கள். சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும், ஆறினால் தோல் மாதிரி இழுக்கும். இருவருக்கு ஒன்று போதும். பூண்டு வாயில் இருக்கும்வரை ஒயின் ருசி ஏறாது, அதனால் ஒயின் எல்லாம் முடிந்த பிறகு இதற்கு வாருங்கள்.

ஒயினில் வரிசை இது: ஃபுர்மின்ட் என்ற திராட்சையின் இனிப்பில்லாத வெள்ளை ஒயின், பிறகு எகர் ஊரின் சிவப்பு பிகாவேர், கடைசியில் டோக்காய் பகுதியின் இனிப்பு ஒயினான அசூ. அசூவை முதலில் குடித்தால் மற்றது எல்லாம் புளிக்கும். டோக்காயில் போட்ரோக், டிசா ஆறுகள் கூடும் இடத்தில் இலையுதிர்காலப் பனிமூட்டம் படியும். அந்த ஈரத்தில் ஒரு பூஞ்சை திராட்சையைப் பிடித்து, உள்ளே இருக்கும் நீரை வற்ற வைக்கிறது. சுருங்கிய அந்தப் பழங்களை ஒவ்வொன்றாகக் கையால் பறித்து, ஒயினில் ஊற வைப்பார்கள். இன்றைய விதிப்படி லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை மிஞ்சியிருக்க வேண்டும். அத்தனை இனிப்பும் திகட்டாமல் இருப்பது ஃபுர்மின்ட்டின் புளிப்பால்தான். நீலச் சீஸோடு சாப்பிட்டுப் பாருங்கள், மற்ற எந்த இனிப்பும் இதற்குப் பக்கத்தில் வராது என்பது என் கருத்து.

சைவர்களும் பன்றி சாப்பிடாதவர்களும் முன்பதிவின்போதே எழுதிச் சொல்லுங்கள். கோழிக் குழம்பிலும் காய்கறிப் பதார்த்தத்திலும்கூடப் பன்றிக் கொழுப்பு ஊற்றுவது அங்கே சாதாரணம். பாலாடைக்கட்டி நூடுல்ஸ் என்று வருவதன்மேல் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் தூவியிருக்கும்.

ஊர் திரும்பும்போது ஒருவருக்கு 2 லிட்டர் மது வரி இல்லாமல் கொண்டுவரலாம். அசூ பாட்டில் பெரும்பாலும் அரை லிட்டர், அதனால் நான்கு. துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

வீட்டில் குயாஷ் செய்ய, குபேர் அங்காடியில் கிடைக்கிற மாட்டுக்கறி அரை கிலோ, அதுவும் தசைநார் உள்ள கால்பகுதி, 300 கிராம் வெங்காயம், 400 கிராம் உருளைக்கிழங்கு, 2 கேரட், 2 மேசைக்கரண்டி பாப்ரிகா. கொழுப்பில் வெங்காயத்தை நிதானமாகப் பொன்னிறமாக்கி, பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பாப்ரிகா போடுங்கள். பத்து எண்ணும் நேரம் கிளறி, உடனே அரை டம்ளர் தண்ணீர். நம் கைப்பழக்கம் பச்சை வாசனை போக வதக்குவது. இங்கே அது ஆகாது, அதிலுள்ள சர்க்கரை கருகி முழுக் குழம்பும் கசந்துவிடும். பிறகு கறி, உப்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிழங்கும் கேரட்டும். காஷ்மீரி மிளகாய்த்தூளை மாற்றாகப் போட்டால் நிறம் வரும், இனிப்பு வராது, அளவையும் பாதியாக்க வேண்டும். கேரவே விதை ஒரு தேக்கரண்டி சேர்ப்பது வழக்கம். அது கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், பதிலுக்குச் சாதாரண சீரகம் போட்டால் நம் வீட்டுக் குழம்பு வாசனை வந்துவிடும்.