எத்தனை மணிக்குப் படிப்பை முடிப்பீர்?

இலங்கையில் பல்கலைக்கழகம் போவதற்கு எழுதும் உயர்தரச் சோதனைக்கு இரண்டு தடவை தோற்றியவள் நான். முதல் தடவை, பௌதிகவியல் பல்தேர்வு வினாத்தாளின் ஏழாவது கேள்வியை நான்கு முறை வாசித்தேன். கப்பியில் தொங்கும் இரண்டு திணிவுகள். ரியூஷன் வகுப்பில் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த கணக்குத்தான். சொற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, வசனம் மட்டும் விளங்கவில்லை. கை குளிர்ந்திருந்தது. 50 கேள்விகளுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. அந்த ஒரு கேள்வியிலேயே ஆறு நிமிடம் போயிற்று. பெறுபேறு வந்தபோது பௌதிகவியலில் சி.

சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்கு சி வந்தால் ஊர் இரண்டே காரணம் சொல்லும்: ஒன்று கண்ணூறு, மற்றது தொலைபேசி. எனக்கு இரண்டும் பொருந்தவில்லை. நான் படிக்காமல் விட்டது கிடையாது. விட முடியாமல் படித்ததுதான் சிக்கல். இதை எழுதுவது வகுப்பில் முதலாவது இரண்டாவதாக வருகிறவர்களுக்காக. மற்றவர்களைத் திருத்த வீட்டிலும் பள்ளியிலும் ஆள் உண்டு. உங்களை ஒருவரும் கவனிக்கமாட்டார்கள், புள்ளிகள் நன்றாக இருக்கின்றன அல்லவா.

என் நாளைச் சொல்கிறேன். காலை நான்கு மணிக்கு எழும்புவேன். பள்ளி, பிறகு உட்துறைமுக வீதிப் பக்கம் ரியூஷன், ஏழு மணிக்கு வீடு, எட்டிலிருந்து ஒரு மணிவரை கடந்தகால வினாத்தாள். ஒன்பது மணிக்கு அம்மா ஒரு பிளேன்ரீ தருவார், பதினொன்றுக்கு இன்னொன்று. உறவினர் வந்தால் "பிள்ளை நித்திரை முழித்துப் படிக்கிறாள்" என்று பெருமையாகச் சொல்வார். முதல் இரண்டு தவணையும் நான்தான் முதலாவது. பயம் பலன் தந்தது. அதனால்தான் அதைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் தவணையில் இடது கண்ணிமை துடிக்கத் தொடங்கியது. தலைசீவினால் சீப்பு நிறைய முடி. சாப்பிட்டால் நெஞ்சு எரிந்தது. ஒரு மணிக்குப் படுத்தால், உடம்பு கட்டிலில் கிடக்க இதயம் மட்டும் பஸ்ஸுக்கு ஓடுவதுபோல் அடித்தது. இத்தனைக்கும் நான் உயிரியல் மாணவி. ஆபத்துக்கு உடம்பை ஆயத்தப்படுத்தும் பரிவு நரம்புத் தொகுதி தூண்டப்பட்டால் கண்மணி விரியும், இதயத்துடிப்பு கூடும், சமிபாடு குறையும் என்று அமைப்புக் கட்டுரை வினாவுக்கு முழுப்புள்ளி எடுக்கும்படி எழுதுவேன். எழுதுகிற கையும் அதே தொகுதியின் பிடியில்தான் நடுங்குகிறது என்று ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

வயிற்றெரிவுக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில் மருத்துவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "எத்தனை மணிக்குப் படிப்பை முடிப்பீர்?"

"ஒரு மணிக்கு, டொக்டர்."

"அது புத்தகத்தை மூடுகிற நேரம். முடிப்பது எப்போது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. கட்டிலில் கிடந்தும் இரசாயனத் தாக்கச் சமன்பாடுகளை ஓட்டிக்கொண்டிருப்பேன், பல் துலக்கும்போது பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியைக் கணக்குப் போடுவேன். அப்படிப் பார்த்தால் இரண்டு வருடமாக நான் முடிக்கவேயில்லை.

அந்தக் கேள்வியின் பொருள் பின்னர்தான் புரிந்தது. ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் இரண்டு வேலை நடக்கிறது. பரிவு நரம்புகள் வழியே அதிரினலின் சில விநாடிகளில் வந்துவிடும். மற்றது ஆறுதலாக வரும்: மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் கபச்சுரப்பிக்குச் சொல்ல, கபச்சுரப்பி சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அதிரீனல் சுரப்பிக்குச் சொல்ல, கோட்டிசோல் என்ற ஓமோன் இரத்தத்தில் ஏறும். அந்தக் கோட்டிசோலே மூளைக்குத் திரும்பிப் போய் "போதும், நிறுத்து" என்றும் சொல்லும். அருமையான ஏற்பாடு. ஆனால் ஆபத்துக்கு ஒரு முடிவு இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்ட ஏற்பாடு அது. இரண்டு வருடச் சோதனைக்கு முடிவு எங்கே? மணி அடித்துக்கொண்டே இருந்தால் "நிறுத்து" என்ற சொல்லுக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது. பழைய நினைவைத் தேடி எடுக்கும் இப்போகாம்பசில் கோட்டிசோல் வாங்கிகள் நிறைய உண்டு. கவனத்தை ஓரிடத்தில் பிடித்து வைக்கும் முன்மூளைப் பகுதியும் இந்த வெள்ளத்தைத் தாங்காது. ஏழாவது கேள்வி எனக்குத் தெரியாமல் போகவில்லை. எடுத்துத் தருகிற ஆள் அன்று கடமையில் இல்லை.

இது என் கற்பனை அல்ல. நியூயோர்க்கில் பெரிய பரீட்சை ஒன்றுக்கு ஒரு மாதம் ஆயத்தம் செய்த மருத்துவ மாணவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்த ஆய்வு 2009 இல் வந்தது. கவனத்தை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுவதில் அவர்கள் தடுமாறினார்கள். முன்மூளையின் தொடர்புகளும் தளர்ந்திருந்தன. பரீட்சை முடிந்து ஒரு மாதம் ஓய்ந்தபின் இரண்டும் பழைய நிலைக்கு வந்துவிட்டன. முதல் தடவை தோற்ற பிறகு, "என் மூளை பழுதாகிவிட்டது" என்று அழுத எனக்கு இந்தக் கடைசி வரிதான் மருந்து. இன்னொன்று 1998 இல், பல் மருத்துவ மாணவர்களிடம் செய்தது. மேலண்ணத்தில் சிறிய காயம் ஒன்றை ஏற்படுத்தி, அது ஆற எத்தனை நாள் என்று எண்ணினார்கள். விடுமுறையில் ஆறியதைவிடப் பரீட்சைக் காலத்தில் மூன்று நாள் கூடுதலாக எடுத்தது. (இதற்குச் சம்மதித்த அந்தப் பதினொரு பேரையும் நான் வணங்குகிறேன்.)

மான் கதையையும் சொல்லிவிடுகிறேன். திருகோணமலை ஆட்களுக்கு மான் புதினமில்லை. கோட்டை வாசலுக்குள்ளும் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலும் ஆடுமாடுபோல் திரியும். ஒரு வெள்ளிக்கிழமை அம்மம்மாவோடு போனபோதும் சேதன இரசாயனக் குறிப்பைக் கையோடு கொண்டுபோனேன், வழியில் வாசிக்க. மதிலில் வைத்துவிட்டுச் செருப்பைச் சரிசெய்த நேரத்தில் ஒரு மான் வந்து இரண்டு பக்கத்தை இழுத்து மெல்லத் தொடங்கியது. நான் கத்திய கத்தலில் நான்கு மான்கள் துள்ளி ஓடின. பத்தடி தள்ளி நின்று என்னைப் பார்த்தன. பிறகு ஒரு நிமிடம்கூடப் போகவில்லை, தலையைக் குனிந்து மேயத் தொடங்கின. எனக்கோ பூசை முடியும்வரை நெஞ்சு அடித்தது. அம்மம்மா சிரித்தபடி, "மானுக்கும் சோதனை வருகிறது போல" என்றார்.

இரண்டாம் தடவைக்கு நான் செய்தவற்றில் பெரியது, இரவு ஒன்பதரைக்கு முடிப்பது. மூடுவது வேறு, முடிப்பது வேறு. மறுநாள் முதலில் செய்யவேண்டிய கேள்வியின் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி, கொப்பியின் மேல் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வருவேன். முதல் இரண்டு கிழமையும் குற்றவாளிபோல் இருந்தது, கை துண்டைத் தேடிப் போகும். மூன்றாம் கிழமையில்தான் கோப்பை கழுவும்போது கோப்பை மட்டும் ஞாபகத்தில் இருந்தது. ஏழு மணித்தியால நித்திரை கிடைத்தது. இரவில் படித்தது மூளையில் பதிவதும் அந்த நித்திரையில்தான்.

பிளேன்ரீயைப் பின்னேரம் மூன்று மணியோடு நிறுத்தினேன். உடம்பிலுள்ள கஃபீனில் பாதி குறையவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் பிடிக்கிறது. ஒன்பது மணித் தேநீரில் பாதி இரண்டு மணிக்கும் என்னோடு விழித்திருந்திருக்கிறது. அம்மாவுக்குத்தான் கவலை, கொடுக்க ஒன்றும் இல்லாமல் போனதே என்று. பின்னேரங்களில் டச்சுக் குடாக் கரையில் நாற்பது நிமிடம் நடந்தேன், குறிப்பு இல்லாமல். புள்ளி ஒப்பிடும் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வெளியேறினேன்.

மூச்சுப் பயிற்சியை முதலில் நம்பவில்லை, இணையத்தில் அதை விற்கிறவர்கள் அதிகம் என்பதால். பிறகு மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். மூச்சை இழுக்கும்போது துடிப்புச் சற்று விரைகிறது, நீளமாக விடும்போது மெதுவாகிறது. விடும்போது இதயத்தை அடக்குவது வேகஸ் நரம்பு. அந்த நரம்பு ஒரு இரசாயனப் பொருளைச் சுரந்துதான் இதயத்தை மெதுவாக்குகிறது என்று 1921 இல் இரண்டு தவளை இதயங்களை வைத்து நிறுவியவர் ஒட்டோ லோவி. பரிசோதனை முறை கனவில் வந்தது என்றும், முதல் நாள் இரவில் கிறுக்கியதைக் காலையில் தன்னாலேயே வாசிக்க முடியவில்லை என்றும், அடுத்த இரவு மறுபடி வந்தபோது எழும்பி நேரே ஆய்வுகூடம் போனார் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். 1936 இல் நோபல் பரிசு கிடைத்தது. நித்திரை முழிக்கிற பிள்ளைகளுக்கு இதை நான் வேண்டுமென்றே சொல்வதுண்டு.

ஆனால் மூச்சும் நடையும் தீர்க்காத நிலைகள் உண்டு. கிழமைக்கணக்காக நித்திரை வராவிட்டால், உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று ஒருமுறை தோன்றினாலும், புள்ளியைப் பற்றி யோசிக்காமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண் எந்நேரமும் இருக்கிறது.

இன்னொன்றும் செய்தேன். கிழமைக்கு ஒருநாள், கடிகாரம் வைத்து, அயல்வீட்டு முன்விறாந்தையில், சத்தத்துக்குள், முழு வினாத்தாள். நடுவில் மூளை நின்றால் என்ன செய்வது என்பதையும் அங்கேயே பழகினேன்: பேனையை வைத்து, ஆறு தடவை நீளமாக மூச்சை விட்டு, அந்தக் கேள்வியைத் தாண்டிப் போவது.

இரண்டாம் தடவை பௌதிகவியலில் அது பதினெட்டாவது கேள்வியில் வந்தது. கை குளிர்ந்தது. பேனையை வைத்தேன், கண்ணை மூடினேன், மூச்சை விட்டேன். நான்காவது மூச்சில் மேற்பார்வையாளர் மேசையில் தட்டினார். "பிள்ளை, நித்திரையா?"

"இல்லை, மிஸ்" என்றேன். மிச்சம் இரண்டு மூச்சையும் விட்டுவிட்டுப் பத்தொன்பதாவதுக்குப் போனேன்.