ஒட்டுத் துணி

புத்தம் புதுத் துணி. கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. ஆசிரியை அதை மேசைமேல் விரித்து, பீட்சா வெட்டும் சக்கரம் போன்ற ஒரு கத்தியைச் சரசரவென்று உருட்டினார். ஒரு கெஜம் துணி என் கண்ணெதிரே இரண்டரை அங்குலப் பட்டைகளாகிக் கிடந்தது. "ஐயையோ!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். என் கையில்தான் வெட்டுப்பட்டுவிட்டது என்று எண்ணி, உடனிருந்த ஏழு அமெரிக்கப் பெண்மணிகளும் பதறி எழுந்து வந்தார்கள்.

அவர்களுக்கு எப்படி விளக்குவது? ரவிக்கைத் துணியில் அரை முழம் குறைந்தாலே தையற்காரரிடம் சண்டைக்குப் போகிற ஊர் எங்களுடையது. வெட்டிய மிச்சத்தையும் கேட்டு வாங்கி வருவோம். இங்கே என்னவென்றால், கெஜம் 12 டாலர் கொடுத்து வாங்கிய துணியைத் துண்டு துண்டாக்கி, அதே துண்டுகளை மறுபடியும் சேர்த்துத் தைக்கிறார்கள். அதற்கு ஒரு வகுப்பு வேறு. அதற்குப் பணம் கட்டிச் சேர்ந்திருந்த என்னை என்ன சொல்வது!

நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகருக்கு வந்த முதல் குளிர்காலம் அது. கணவர் வேலைக்குப் போய்விடுவார். ஜன்னலுக்கு வெளியே பனியைத் தவிர வேறொன்றும் இருக்காது. வீட்டுக்குள் பேச ஆளில்லாமல், குளிர்பதனப் பெட்டியின் உறுமலுக்குப் பதில் சொல்லத் தொடங்கியிருந்தேன். வகுப்பில் சேர்ந்ததற்குக் கலை ஆர்வமெல்லாம் காரணமில்லை.

அன்றிரவு அம்மாவிடம், குயில்ட் தைக்கப் போகிறேன் என்றேன்.

"அந்தக் குளிரில் குயில் ஏது?" என்றாள்.

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்குத்தான் அந்தப் பெயர் என்று விளக்கினேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்: "ஒட்டுப்போடவா அவ்வளவு தூரம் போனாய்?"

சுருக்கென்றது. ஒட்டு என்பது எங்களுக்கு மறைக்க வேண்டிய விஷயம். பள்ளிப் பாவாடையில் ஒட்டிருந்த இடத்தை மடிப்புக்குள் செருகிக்கொண்டு ஆறாம் வகுப்பு முழுவதும் ஒருக்களித்தே உட்கார்ந்திருந்தவள் நான். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னார்களே தவிர, அதைச் சுவரில் மாட்டச் சொல்லவில்லையே. இந்த ஊரில் மாட்டியிருக்கிறார்கள். ஒரு தம்பதி தாங்கள் சேர்த்த ஏறத்தாழ ஆயிரம் குயில்ட்டுகளை இங்குள்ள பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க, 1997-இல் தொடங்கியது பன்னாட்டு குயில்ட் அருங்காட்சியகம். 2008-இல் அதற்கென்று தனிக் கட்டடமே எழுந்தது. உள்ளே எல்லாரும் கோயில் பிராகாரத்தில் நடப்பதுபோல் நடக்கிறார்கள். தொட்டுப் பார்க்கக் கை நீட்டிய நான் காவலரிடம் ஒரு பார்வை வாங்கிக்கொண்டேன்.

வகுப்பிலும் தடுமாற்றம்தான். அடுத்த வாரம் பேட்டிங் வாங்கி வரச் சொன்னார்கள். கிரிக்கெட் தெரியாத நாட்டில் எதற்குப் பேட்டிங் என்று குழம்பினேன். மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவே வைக்கும் பஞ்சு விரிப்புக்கு அதுதான் பெயராம். அடுத்தது கால் அங்குலத் தையல். ஓரத்திலிருந்து சரியாகக் கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் பிசகினாலும், இரண்டு பக்கத் துண்டையும் அது தின்பதால், எட்டே தையலில் ஓர் அங்குலம் காணாமல் போய்விடும். என் முதல் சதுரம் எந்தக் கணக்கிலும் சதுரமாக வரவில்லை.

அப்பத்தா அளவுகோலைத் தொட்டதே இல்லை. நைந்த நூல் சேலைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நாலு மூலையிலும் அம்மிக்குழவி, உரல் உலக்கை என்று கிடைத்த கனத்தை வைத்து, குறுக்கே உட்கார்ந்து நூல் ஓட்டுவாள். பிறந்த பிள்ளைக்குப் பழந்துணிதான் ஆகும், புதுத் துணி உடம்பை அறுக்கும் என்பாள். மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று. வகுப்பில் மூன்று அடுக்கைப் படம் வரைந்து காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் படுத்து, நனைத்து, வளர்ந்ததே அதில்தானே!

ஒருநாள் ஆசிரியை ஒரு படத்தைக் காட்டினார். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்றோர் ஊர். 1942-இல் மிசோரி பெட்வே என்ற கறுப்பினப் பெண், இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளைப் பிரித்துத் தைத்த போர்வை அது. வெளிறிய நீலம், சாம்பல், கறை. அதைப் பார்த்த பிறகு எனக்கு அன்று ஊசி ஓடவில்லை. அப்பத்தா போன மறு வருஷம், அவளுடைய சேலை மூட்டை முழுவதையும் பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவரிடம் போட்டு, ஓர் எவர்சில்வர் தூக்கு வாங்கினோம். பேரம் பேசி மூடியும் சேர்த்து வாங்கியது நான்தான். அந்தத் தூக்கில் இன்றும் அம்மா புளி வைத்திருக்கிறாள்.

அவரைத் தெருமுனைவரை துரத்திப் போய் மூட்டையைப் பிடுங்குவதாக இரண்டு முறை கனவு வந்தது.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு பழஞ்சேலை. மடிப்பில் கிழிந்த அம்மாவின் சின்னாளப்பட்டிச் சுங்குடி, நல்ல குங்குமச் சிவப்பு. இங்கே மரக்குடில் என்றொரு பழைய கோலம் உண்டு. நடுவே ஒரு சிவப்புச் சதுரம், சுற்றிச் சுற்றிப் பட்டைகள். சிவப்புதான் வீட்டின் கணப்பு அடுப்பாம். அடுப்புக்குச் சுங்குடி, சுற்றிலும் வெள்ளையும் நீலமும் என்று முடிவு செய்தேன். சேலையை வெட்ட மட்டும் மூன்று நாள் மனம் வரவில்லை. சக்கரக் கத்தி ஓடியபோது பழைய கஞ்சி வாடை மேலெழுந்தது.

மார்ச் மாதம் போர்வை முடிந்தது. கால் அங்குலமும் கைக்கு வந்திருந்தது. பனியில் வழுக்காமல் நடக்கவும் பழகியிருந்தேன். இனி நான் இந்த ஊர்க்காரிதான் என்று கணவரிடம் அறிவித்துவிட்டு, போர்வையைத் துவைக்கப் போட்டேன். எடுத்தபோது வெள்ளைப் பட்டைகளெல்லாம் ரோஸ் நிறம்.

அழாத குறையாக வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எழுபதைத் தாண்டிய ஆசிரியையோ கைகொட்டிச் சிரித்தார். அறுபதுகளில் இங்கே மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டைகள் நாகரிகமாம். சாயம் போகிற மெட்ராஸ் என்பதே அதற்கு விளம்பரமாம்! சாயம் போனால்தான் அசல் என்று காசு கொடுத்து வாங்கினார்களாம். நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு இது தெரியாமல் போயிற்றே.

இரவு அம்மாவுக்குக் காட்டினேன்.

"கல்லுப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாயா?"

"இல்லை."

"வெந்நீரா?"

"ஆமாம்."

"சுங்குடியை முதல் தண்ணீரில் வெள்ளையோடு சேர்த்துப் போடுவார்களா? பணம் வாங்கினார்களே, இதைக்கூடவா சொல்லித் தரவில்லை?"

நான் மடிக்கப் போனேன்.

"இரு, இரு. திருப்பு. பின்பக்கத்தைக் காட்டு."

திருப்பினேன். இன்னும் கிட்டே கொண்டுவரச் சொன்னாள். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தையலை வரிசை வரிசையாகப் பார்த்தாள்.

"அப்பத்தா இதைவிட நெருக்கமாகத் தைப்பாள்" என்றாள்.