ஊருணிக் கரையில் ஜேஓஎஸ்எம்: பைன்போனில் செய்து பார்த்தது

லினக்ஸ் கைபேசியான பைன்போனில், வரைபடம் திருத்தும் மேசைக்கணினி மென்பொருளான ஜேஓஎஸ்எம் ஓடுகிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரியபட்டினத்துக்கும் திருப்புல்லாணிக்கும் இடையில் உள்ள சில ஊருணிகளை அதிலேயே வரைந்து, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றியும் விட்டேன். லினக்ஸ் கைபேசி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், எங்கே இடித்தது, எப்படிச் சரியானது என்று எழுதி வைக்கிறேன்.

இதை ஏன் வெயிலில் நின்று செய்ய வேண்டும்? கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் எங்கள் பக்கத்து ஊருணிகள் பொட்டல் போலத்தான் தெரியும். சீமைக்கருவேலம் அடைந்துவிட்டால் அந்தப் பொட்டலும் தெரியாது. மழைக்குப் பிறகு தண்ணீர் எதுவரை நிற்கிறது, வரத்துக்கால் எந்தப் பக்கம், எது குடிக்க, எது குளிக்க என்பதையெல்லாம் கரையில் நின்று கேட்டால்தான் சொல்ல முடியும். நிலத்தடி நீர் உவர்த்துக் கிடக்கும் இந்தக் கடலோரத்தில் ஊருணி வரைபடத்தில் இல்லாமல் இருப்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

ஆண்ட்ராய்டில் இதற்கு வெஸ்பூச்சி இருக்கிறது, நல்ல செயலி. ஆனால் வீட்டில் கை பழகியது ஜேஓஎஸ்எம். படத்தை ஜிபிஎஸ் தடத்தோடு பொருத்துவது, ஏற்றுமுன் தவறுகளைச் சரிபார்ப்பது எல்லாம் எனக்கு அதில்தான் ஓடும்.

கருவி, மச்சான் துபாயிலிருந்து வந்தபோது கொண்டுவந்த 3 ஜிபி பைன்போன். நான்கு கோர் ஆல்வின்னர் ஏ64 சிப், 720க்கு 1440 திரை. அதில் மோபியன், அதாவது கைபேசிக்கான டெபியன். இடைமுகம் ஃபாஷ். ஜேஓஎஸ்எம் ஜாவாவில் எழுதப்பட்டது என்பதால் கைபேசியின் ஏஆர்எம் சிப்புக்கென்று தனிப் பதிப்பு தேட வேண்டியதில்லை. ஜாவாவை ஓட்டும் ஓப்பன்ஜேடிகே நிறுவி, மேசைக்கணினியில் ஓடும் அதே ஜார் கோப்பைக் கொடுத்தால் போதும். ஜாவாவுக்கு 1 ஜிபி நினைவகம் என்று வரம்பு வைத்தேன். திறக்க நேரம் எடுக்கும். திறந்த பிறகு ஓர் ஊருணியும் சுற்றுத் தெருக்களும் அடங்கும் சின்னப் பரப்பை இறக்கி வேலை செய்தால் திணறவில்லை.

சிப்பின் வேகம் தடையாக இருக்கும் என்று பலரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் தடையாக இருந்தவை திரையின் அகலமும் மவுஸின் வலது பொத்தானும்தான்.

முதலில் திரை. ஃபாஷ் 200 சதவீத அளவில் ஓடும்போது மென்பொருளுக்குக் கிடைப்பது 360 புள்ளி அகலம்தான். ஜேஓஎஸ்எம்மின் மெனுவே அதில் அடங்காது. போதாததற்கு ஜாவாவின் பழைய சன்னல்கள், பழைய வகைச் சன்னல்களைப் புதிய திரை முறையில் காட்டும் எக்ஸ்வேலண்ட் வழியாக வருவதால், பெரிதாக்கும்போது எழுத்து மங்கலாகிறது. அதனால் ஜேஓஎஸ்எம் திறக்கும்போது மட்டும் திரை அளவை 100 சதவீதத்துக்கு இறக்கி, கைபேசியைக் கிடைமட்டமாகத் திருப்பிக்கொள்கிறேன். பொத்தான்கள் கடுகாகிவிடும். அதற்கு ஜேஓஎஸ்எம்மின் மேம்பட்ட அமைப்புகளில் உள்ள இடைமுக அளவை ஒன்றரையாக்கினேன். வலப்பக்கப் பட்டிகளை மூடிவிட்டால் வரைபடத்துக்குத் தாராளமான இடம் கிடைக்கிறது.

அடுத்தது வலது பொத்தான். ஜேஓஎஸ்எம்மில் வரைபடத்தை நகர்த்துவது வலது பொத்தானை அழுத்தி இழுத்துத்தான். விரலால் இழுத்தால் அது இடது பொத்தானாகவே போய்ச் சேர்கிறது, தேர்வுப் பெட்டி விரிகிறது. கண்ட்ரோலோடு அம்பு விசை அழுத்தியும் நகர்த்தலாம், ஆனால் திரை விசைப்பலகை பாதித் திரையை விழுங்கிவிடும். சின்ன ப்ளூடூத் மவுஸ் ஒன்றைச் சேர்த்ததும் தொல்லை தீர்ந்தது. படித்துறையில் உட்கார்ந்து, பக்கத்துக் கல்லில் மவுஸை வைத்து வரைகிறேன்.

மோடத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் வரிகளை அப்படியே ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு கரையைச் சுற்றி நடந்தால் போதும், ஜேஓஎஸ்எம் அந்தக் கோப்பை நேரடியாகத் திறக்கும். முதல் முறை இடம் பிடிக்கப் பல நிமிடம் ஆகும், திறந்த வெளியில் பொறுமையாக நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போதுதான் ஒரு பெரியவர், “பட்டா அளக்க வந்தீகளா தம்பி?” என்று கேட்டார். “இல்ல அய்யா, ஊருணிய மேப்புல ஏத்துறேன்” என்றேன். பெயரைச் சொன்னதோடு, கருவேலங்காட்டுக்குள் மறைந்து கிடந்த வரத்துக்காலையும் கூடவே நடந்து வந்து காட்டினார். படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அந்தக் கால் தெரியாது.

தமிழ்ப் பெயர் எழுத ஒரு சுற்றுவழி தேவைப்பட்டது. நோட்டோ தமிழ் எழுத்துரு நிறுவியதும் ஜாவாவில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. தட்டுவதற்கு, திரை விசைப்பலகையான ஸ்குவீக்போர்டில் நானே ஒரு தமிழ் அமைப்பை எழுதிச் சேர்த்தேன். தமிழ்99 விசைப்பலகையில் போலத் தானாகப் புள்ளி விழாது, மெய்யும் குறியும் தனித்தனியாகத் தட்ட வேண்டும். பெயரைக் குறிப்பேட்டில் அடித்து ஜேஓஎஸ்எம்மில் ஒட்டுகிறேன். கூடவே ‘இன்டர்மிட்டென்ட்’ என்ற குறிச்சொல்லையும் ‘யெஸ்’ என்று கொடுக்கிறேன். வற்றி நிறையும் நீர்நிலைக்கு அது அவசியம், பலர் விட்டுவிடுகிறார்கள்.

வெயிலில் திரை சரியாகத் தெரியாது, வெளிச்சத்தைக் கூட்டினால் பேட்டரி வேகமாக இறங்கும். இதில் பேட்டரியைக் கழற்றி மாற்றலாம், சாம்சங் ஜே7 பேட்டரியும் பொருந்தும். கூடுதலாக ஒன்று பையில் இருந்தால் காலைப்பொழுது தாங்குகிறது.

வீட்டுக்கு வந்ததும் டாக் என்ற இணைப்புப் பெட்டியைச் செருகி, எச்டிஎம்ஐ வழியாக மானிட்டரில் இணைக்கிறேன். ஃபாஷில் டாக் நிலையைப் போட்டால், கரையில் வரைந்த அதே கோப்பு அகலமான சன்னலில் திறந்து கிடக்கிறது. எதையும் எங்கும் நகலெடுக்க வேண்டியதில்லை. சரிபார்ப்பை ஓட்டி, ஒன்றையொன்று வெட்டும் கோடுகளைத் திருத்தி, அங்கிருந்தே ஏற்றிவிடுகிறேன். அடுத்து இதே கைபேசியில் வரைபடத் தாள் தயாரிக்கும் மென்பொருளான க்யூஜிஐஎஸ் போட்டு, ஊருணிகளையும் வரத்துக்கால்களையும் அச்சிடும் தாளாக்கிப் பார்க்கப் போகிறேன். 3 ஜிபி அதற்குத் தாங்குகிறதா என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.