உள்ளங்கை அளவுப் படங்கள்

எங்கள் வீட்டு ஆல்பங்களை ஃபிளாட்பெட் ஸ்கேனரில் (படத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கும் வகை) ஏற்றும் வேலையை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், எடுத்தால் அதே அளவில் தெளிவாக அச்சிடலாம். 600இல் எடுத்தால் நீள அகலத்தை இரட்டிப்பாக்கலாம். அதற்கு மேல் போனால் காகிதப் படங்களில் பெரும்பாலும் கோப்புதான் வீங்கும். 2400 எல்லாம் ஃபிலிம் நெகட்டிவுக்கு.

பாடாய்ப் படுத்துபவை, தேன்கூடு மாதிரி மேடுபள்ளமான காகிதத்தில் போட்ட படங்கள். ஸ்கேனர் விளக்கு சாய்வாக விழுவதால் மேடுகளெல்லாம் மினுங்கி, முகமே புள்ளி புள்ளியாகிவிடும். முதலில் நேராக ஒரு ஸ்கேன், பிறகு தலைகீழாகத் திருப்பி இன்னொன்று. இரண்டாவதை மென்பொருளில் நிமிர்த்தி, முதலாவதன் மேல் பிசகாமல் பொருத்தி, மேலடுக்கின் ஒபாசிட்டியை (அடியில் இருப்பதை மறைக்கும் அளவை) 50 சதவீதமாக்கினால் மினுக்கம் வெகுவாக அடங்கும். பொருத்தத்தான் நேரம் பிடிக்கும். ஆனால் பெரியம்மாவின் சிறுவயது முகம் அப்படித் தெளிந்து வரும்போது எவ்வளவு நேரமும் தகும்.

மூலக்கோப்பைத் தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் வைத்துக்கொண்டு, உறவினருக்கு அனுப்ப மட்டும் அளவில் சிறிய ஜேபெக் (JPEG) எடுக்கிறேன். பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து, முன்பக்கக் கோப்புக்கு இட்ட அதே எண்ணுடன் ‘பின்’ என்று சேர்த்துச் சேமிக்கிறேன்.