நட்சத்திரத்தை விரிப்பது யார்?

எங்கள் குழுவில் புதிதாகச் சேருபவர்களுக்கு பாஷ் ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) பற்றி ஒரு கையேடு உண்டு. அதில் வைல்டுகார்டு, அதாவது கோப்புப் பெயர்களுக்குப் பதிலாக நிற்கும் நட்சத்திரம் (*) போன்ற குறிகள் பற்றிய பகுதியை நான் திருத்தி எழுத வேண்டி வந்ததற்குக் காரணம், புதிதாக வந்த ஒரு தம்பி கேட்ட கேள்விதான். "அண்ணா, நேற்று இந்தக் கட்டளை எல்லா லாக் கோப்புகளையும் காட்டியது. இன்று ஒன்றைத்தான் காட்டுகிறது. ஏன்?"

கோப்புகளைப் பெயர் வைத்துத் தேடும் ஃபைண்ட் கட்டளையை அவர் அடித்திருந்தது இப்படி:

ஃபைண்ட் . -நேம் *.லாக்

கையேட்டில் இருந்த வரி: "* என்றால் எல்லாக் கோப்புகளும்." இதை எத்தனை தடவை படித்தாலும் அவருடைய கேள்விக்குப் பதில் கிடைக்காது. சரி என்று பக்கத்தில் உட்கார்ந்து, அதே வரிக்கு முன்னால் எக்கோ (தனக்கு வந்ததைத் திரையில் காட்டும் கட்டளை) சேர்த்து அடிக்கச் சொன்னேன். திரையில் வந்தது:

ஃபைண்ட் . -நேம் சோதனை.லாக்

நட்சத்திரத்தைக் காணோம். ஃபைண்ட் தொடங்குவதற்கு முன்பே ஷெல் அதை விரித்து, பொருந்தும் கோப்பின் பெயரை அங்கே வைத்துவிட்டது. நேற்று அவர் நின்ற அடைவில் (ஃபோல்டரில்) லாக் கோப்பு எதுவும் இல்லை; எல்லாம் அதன் உள் அடைவுகளில் இருந்தன. பொருந்துவது எதுவும் இல்லாவிட்டால் பாஷ் அந்த வடிவத்தை அப்படியே கட்டளையிடம் கொடுத்துவிடும்; அதனால்தான் நேற்று சரியாக நடந்தது. இன்று காலை அவரே சோதனை.லாக் என்று ஒன்றைச் சேமித்திருந்தார். இரண்டு இருந்திருந்தால் பிழைச் செய்திதான் வந்திருக்கும். மேற்கோளுக்குள் இருப்பதை ஷெல் விரிக்காது; ஒற்றை மேற்கோளுக்குள் '*.லாக்' என்று போட்டதும் எல்லாம் வந்தன.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் விதிகளாக அடுக்கினேன், தம்பி படித்துவிட்டு, "இதில் என் பிரச்சினை எங்கே இருக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. அடுத்த வரைவை அவருடைய கட்டளையிலிருந்தே தொடங்கினேன். முதல் வரி: "நட்சத்திரத்தை விரிப்பது ஷெல்." 1971இல் வந்த யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பில் இந்த வேலைக்கென்றே குளோப் என்று ஒரு தனி நிரல் இருந்தது. இப்படி விரிப்பதற்கு அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருப்பது எனக்குப் பிடிக்கும் என்பதால் அதையும் சேர்த்தேன்.

"எல்லாக் கோப்புகளும்" என்பதையும் எடுத்துவிட்டேன். புள்ளியில் தொடங்கும் பெயர்களை * தொடாது. கோப்புகளுக்குள் சொற்களைத் தேடும் கிரெப் கட்டளை பழகியவர்களுக்காக ஒரு வரி: அதில் பயன்படும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடல் வடிவத்தில் * முந்தைய எழுத்தைத் திரும்பச் சொல்வது, இங்கே அது தனியாகவே எதற்கும் பொருந்தும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அதில் இயல்பாக வரும் இசட்-ஷெல்லில் பொருத்தம் இல்லாவிட்டால் கட்டளையே ஓடாது, பிழை வரும்.

கடைசியில் பயிற்சியாக ஒன்றே ஒன்று வைத்தேன்: கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையில் நட்சத்திரம் போடுவதற்கு முன், அதே வடிவத்தை எக்கோவுக்குக் கொடுத்து, வரும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும்.