டிரைக்கோ நாட்கள்

ஆகஸ்ட் 23, சனி

விடியும்போது கொலராடோவின் சீஸ்மன் பள்ளத்தாக்கு, மீன் பிடிக்க. கில் பாதையில் இறங்கியதும் சிக்னல் போய்விட்டது. எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தான். ஊரில் அப்போது இரவு ஏழரை, அப்பாவைப் பார்க்க டாக்டர் வந்துபோயிருப்பார். தெரிந்தேதான் இறங்கினேன்.

டிரைக்கோ, ஆற்றில் வளர்ந்து மீனுக்கு இரையாகும் குட்டிப் பூச்சி. ஆண்கள் இரவிலேயே நீரைவிட்டு வந்துவிடும், பெண்கள் காலையில். இறக்கை முளைத்த பிறகும் இன்னொரு முறை தோலுரிக்கிற பூச்சி. ஒன்று என் சட்டைக் கையில் உட்கார்ந்து உரித்தது. அரிசி நீளம்கூட இல்லை. முதுகு பிளந்தது, தலை வந்தது, வால் மூன்றும் கடைசியாக உருவிக்கொண்டு வந்தன. தோல் சட்டையிலேயே ஒட்டியிருக்கிறது. துவைக்கப் போடவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காற்று. பூச்சி இல்லை. அண்ணன் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

அப்பாவின் கிரியாட்டினின் 4.1. போன வாரம் 3.6. ஏறினால் சிறுநீரகம் மோசம்.

தூக்கம் வராமல் 22ஆம் நம்பர் குட்டித் தூண்டில் முள்ளில் ஃப்ளை கட்டினேன், டிரைக்கோ மாதிரி ஒரு பொய்ப்பூச்சி. கறுப்பு நூல், இருபுறமும் விரித்த வெள்ளை இறக்கை. ஐந்தில் இரண்டு தேறின.

ஆகஸ்ட் 30, சனி

ஒன்பதரைக்கு நீருக்கு மேலே புகை மாதிரி கூட்டம். நம் ஊர் மழைக்கால ஈசலை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் இது சத்தமே இல்லாதது. வெயில் ஏறியதும் விழ ஆரம்பித்தன. பாறைக்குக் கீழே அதே பிரவுன் ட்ரவுட் மீன், அதே இடம். அது இரை தேடிப் போவதில்லை. மூக்கை மட்டும் நீட்டுகிறது, உறிஞ்சுகிறது, இறங்குகிறது. மனதுக்குள் நாலு எண்ணினால் மறுபடி மூக்கு. என் ஃப்ளை அந்த நாலுக்குள் போய்ச் சேர வேண்டும்.

சேர்ந்தது, பலமுறை. மீன் தொடவில்லை. செத்த பூச்சி தண்ணீர் போகிற போக்கில் போகிறது, என்னுடையதை 7எக்ஸ் டிப்பெட் இழுக்கிறது, ஃப்ளையைக் கட்டியிருக்கும் மெல்லிய நுனி நூல். எனக்குத் தெரியாத இழுப்பு அதற்குத் தெரிகிறது. கடைசியில் மேலே சுற்றிப்போய், நூலைத் தளர்த்தி, ஃப்ளை முதலில் வரும்படி கீழ்நோக்கி விட்டேன். மூக்கு வந்தது. ஃப்ளையோடு கூடவே ஒரு முழம் பின்வாங்கிப் பார்த்தது. அப்புறம் பக்கத்தில் கிடந்த நிஜப் பூச்சியைத் தின்றது.

அப்பா என்ன சாப்பிட்டார் என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

போகவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

பத்து மணிக்கு எடுத்தது. அந்த மீன்தான். வலைக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, நீரோட்டத்தைப் பார்க்கத் திருப்பிப் பிடித்திருந்தேன். செவுள் மூடித் திறந்தது. கையைவிட்டுப் போகும்வரை வேறு எதுவும் நினைவில் இல்லை.

மேலே ஏறியதும் அண்ணனிடமிருந்து ஆறு மிஸ்டு கால்.

செப்டம்பர் 2

ஃபிராங்ஃபர்ட் வழியாக டிக்கெட் கிடைத்தது. தூண்டிலும் ஈர பூட்ஸும் காரிலேயே கிடக்கின்றன.